கள் புளிக்கிறது, ஒயின் முதிர்கிறது: ஏன்?

தென்னங்கள் ஓரிரு நாளில் புளித்துவிடும். சில ஒயின்களோ பல ஆண்டுகள் தாங்கும். இரண்டிலும் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவது ஈஸ்ட்தான். பிறகு வேறுபாடு எங்கே?

திறந்த பானையில் காற்றுண்டு. அசிட்டிக் பாக்டீரியா ஆக்சிஜனின் துணையோடு கள்ளை வினிகராக்குகிறது. மூடிய புட்டியில் அதற்கு வழியில்லை.

ஒயினின் ஆயுளில் அறுவடைக்கும் பங்குண்டு. திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். கெடாமல் காப்பது அமிலம். இரவுக் குளிர் அதைக் காப்பதால், இந்தியாவின் நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள்.

தோலிலும் விதையிலும் உள்ள டேனின், கடுந்தேநீரைப்போல் துவர்க்கும். நாளடைவில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைய, துவர்ப்பு தணியும்.

வெப்பம் இவ்வினைகளை முடுக்கிவிடும். ஆகவே 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் நிலவறையில் பல ஆண்டு நிற்கும் ஒயின், 30 டிகிரியைத் தாண்டும் நம் கெலாங் பாத்தா வெப்பத்தில் விரைவிலேயே சுவை கெடும்.