விழித்த திரை கலங்குவது ஏன்?

உறக்கநிலையினின்று விழிக்கும் மடிக்கணினியின் திரையில் சிலவேளை கோடுகளும் சிதறல்களும் தோன்றுவதுண்டு. உடனே திரையே பழுதெனக் கருதிப் புதுத்திரைக்குப் பொருள் செலவிடும் மாணவர் உளர். பொறுத்து ஆராய்தல் நன்று.

உறங்கும்போது வரைகலைச் சில்லின் மின்னோட்டம் குறைகிறது அல்லது நின்றுவிடுகிறது. விழிக்கையில் அதனை மீண்டும் ஆயத்தம் செய்வது ‘டிரைவர்’ எனும் இயக்கி மென்பொருளாகும். அது தவறினால் படம் சிதறும்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் இயக்கி மட்டுமே புதிதாய்த் தொடங்கும். திறந்துள்ள ஆய்வேடு மூடப்படுவதில்லை. திரை தெளிந்ததும் அதனைச் சேமித்துக்கொள்க. கோளாறு தொடருமாயின், ‘டிவைஸ் மேனேஜர்’ வழியே முந்தைய இயக்கிக்குத் திரும்பலாம். தயாரிப்பாளர் தரும் புதியதையும் நிறுவலாம்.

வெளித்திரையொன்றை இணைத்துப் பார்ப்பதும் பயன்தரும். அதில் படம் தெளிவாயிருப்பின், குறை பெரும்பாலும் மடிக்கணினித் திரையிலோ அதன் இணைப்புக் கம்பியிலோ இருக்கும். பழுதுநீக்குவோரை நாடவேண்டியது அப்போதுதான். காரணம் தெளிந்தபின் செலவிடும் காசு வீணாவதில்லை.