அலுமாரியோடு வந்த புகை மணம்

பாவித்த பொருட்களை வாங்குவது எமது சமூகத்தில் புதிய விடயமல்ல. இடம்பெயர்ந்து, மீண்டும் வெறுங்கையுடன் ஊர் திரும்பிய எத்தனையோ குடும்பங்கள் யாரோ பாவித்த கதிரை, யாரோ பாவித்த பாத்திரம், யாரோ தைத்துப் பழகிய மெசின் ஆகியவற்றைக் கொண்டே வாழ்க்கையைத் தொடங்கின. முன்பு அறிந்தவர் வீட்டில் நேரில் பார்த்து வாங்கினோம். இன்று கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். படத்தில் நிறம் தெரியும், விலை தெரியும். மணம் மட்டும் தெரியாது. அந்த ஒன்றினால் ஒரு சகோதரிக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

வன்னியில் நான் களப்பணிக்குச் செல்லும் கிராமமொன்றில் அவர் வசிக்கிறார். 2009 இல் கணவரை இழந்தவர். தையல்தான் வருமானம். வயதுக்கு வந்த மகனும், தங்கையும், தங்கையின் எட்டு மாதக் குழந்தையும் அவருடன் இருக்கிறார்கள். வாடிக்கையாளர்களின் துணிகளை எலி கடிக்காமல் வைப்பதற்காக, சீட்டுக்காசு கிடைத்ததும் கொழும்புப் பக்கமிருந்து ஒரு மர அலுமாரியை 18,000 ரூபாவுக்கு வாங்கினார். லொறிக் கூலி வேறு. பொருள் வந்திறங்கியபோது ஒருவித மணம் இருந்தது. பழைய மரம்தானே, போய்விடும் என்று எண்ணி உள்ளே துணிகளை அடுக்கிவிட்டார்.

பத்து நாட்களின் பின் சட்டை வாங்க வந்த ஓர் அம்மா, துணியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"என்ன பிள்ளை, உங்கட வீட்டில இப்ப ஆர் சிகரட் பத்துறது?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் ஆண் துணையில்லாத வீட்டை நோக்கிக் கேட்கப்படும்போது அது சாதாரணமாக இருப்பதில்லை. அந்த வீட்டுக்கு யாரோ வந்து போகிறார்கள் என்று ஒரு கதை, மகன் கெட்டுப்போய்விட்டான் என்று இன்னொரு கதை. இரண்டும் ஒரே கிழமைக்குள் ஒழுங்கை முழுவதும் நடந்து முடிந்துவிட்டன. தைக்கக் கொடுத்த இருவர் துணியைத் திருப்பி வாங்கிச் சென்றார்கள்.

"நானும் மகனைச் சந்தேகப்பட்டிட்டன் மிஸ். அவன்ர பள்ளிக்கூடச் சேட்டிலயும் அதே மணம். பையைக் கொட்டிப் பாத்தன். அவன் ஒண்டும் கதைக்காமல் அழுதுகொண்டு நிண்டான்" என்று சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. அந்தச் சேட்டும் அலுமாரியில்தான் இருந்தது. நான் அலுமாரிக் கதவைத் திறந்து, லாச்சியொன்றை இழுத்து அதன் அடிப்பலகையை முகர்ந்து பார்த்தேன். விடை அங்கேதான் இருந்தது.

மணம் ஏன் போகாமல் நிற்கிறது?

சிகரட் புகை காற்றோடு கலைந்து போய்விடுவதில்லை. அதிலுள்ள தாரும் நிக்கொட்டினும் நுண்ணிய படலமாகச் சுவரிலும், துணியிலும், மரத்தின் துளைகளிலும் படிகின்றன. வெப்பமும் ஈரப்பதனும் கூடும்போது அவை மீண்டும் மெதுவாக வெளிவருகின்றன. இதனை 'மூன்றாம் நிலைப் புகை' என்கிறார்கள். படிந்த நிக்கொட்டின், வீட்டுக் காற்றிலுள்ள நைத்திரசு அமிலத்துடன் சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய இரசாயனங்களாக மாறுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2010 இல் எடுத்துக்காட்டினார்கள். ஓர் அலுமாரியால் உடனே நோய் வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் தவழும் குழந்தைகள் எதையும் தொட்டுக் கையை வாயில் வைப்பார்கள். ஆகவே குழந்தையுள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. தனியார் வீட்டு அறைக்குள் நடப்பதற்கு அந்தத் தடை இல்லை. அந்த அறையில் ஆண்டுக்கணக்காக நின்ற தளபாடம்தான் எமது வீட்டுக்கு வருகிறது.

நாங்கள் செய்தவை

முதலில் அலுமாரியை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான நிழலில் வைத்து, லாச்சிகளைக் கழற்றினோம். கடும் வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும், ஒட்டுப்பலகை கழன்றுவிடும்.

தூசியைத் துடைத்தபின், இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கரைத்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தோம். மேற்பக்கத்தை மட்டும் துடைத்தால் போதாது. லாச்சியின் அடி, பின்பலகை, கதவின் உட்பக்கம் என்பவற்றில்தான் புகை அதிகம் தங்கும். வாளித் தண்ணீர் தேநீர் நிறமாக மாறியது. நான்கு தடவை தண்ணீர் மாற்றினோம்.

பின்னர் வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்தோம். நிக்கொட்டின் காரத்தன்மை உடையது. புளிப்பான வினாகிரி அதைக் கரைத்து எடுக்கும். மரத்தின் மினுக்கம் கெடுமா என்பதை மறைவான ஓரிடத்தில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நன்றாகக் காய்ந்த பின்னர், அகன்ற தட்டுகளில் அப்பச்சோடாவையும், சிரட்டைக் கரியையும் வைத்துக் கதவை நான்கு நாட்கள் மூடி வைத்தோம். பிறகு அவற்றை மாற்றி மறுபடியும் வைத்தோம். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. கலந்தால் ஒன்றின் வலுவை மற்றது எடுத்துவிடும்.

அப்படியும் அடிப்பலகையில் மணம் நின்றது. அது வார்னிஷ் பூசாத பச்சைப் பலகை. மகன் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு மண்கடதாசியால் தேய்த்து, இரண்டு தடவை வார்னிஷ் பூசினான். மூன்று கிழமைகளில் அலுமாரி மீண்டும் வீட்டுக்குள் வந்தது.

துணிகளும் மெசினும்

புகை மணக்கும் துணியை உதறி வெயிலில் போட்டு, ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை அப்பச்சோடா கரைத்து இரவு முழுவதும் ஊற வையுங்கள். மறுநாள் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, கடைசியாக அலசும் தண்ணீரில் சிறிது வினாகிரி விடுங்கள். மணம் போகும்வரை இஸ்திரிக்கை போட வேண்டாம். பட்டுச் சேலைகளை ஊற வைக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள்.

தையல் மெசினாயின், மின்சார இணைப்பைக் கழற்றிவிட்டு, சற்று ஈரமான துணியால் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். மோட்டருக்கு அருகே தண்ணீர் படக்கூடாது. பழைய எண்ணெயைத் துடைத்துப் புது மெசின் எண்ணெய் விட்டு, முதலில் வெட்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த பொம்மை போன்றவற்றில் ஊறிய புகையை முழுதாக எடுப்பது மிகக் கடினம். அவற்றை வாங்காமல் விடுவதே நல்லது.

செய்யக்கூடாதவை இரண்டு உண்டு. சாம்பிராணி, வாசனைத் தெளிப்பு என்பன மணத்தை மறைக்குமே தவிர நீக்காது. வினாகிரியுடன் வெளிற்றும் திரவத்தை ஒருபோதும் கலக்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு அதிலிருந்து கிளம்பும்.

வாங்கும் முன்

வீட்டில் யாராவது புகைப்பார்களா, பொருள் எந்த அறையில் இருந்தது, எத்தனை வருடம் பாவித்தது என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். உட்பக்கப் படங்களையும் கேளுங்கள். முற்பணம் அனுப்புவதைத் தவிர்த்து, லாச்சியைத் திறந்து முகர்ந்து பார்த்தபின் காசு கொடுங்கள். நேரில் பார்க்கத் தனியாகப் போக வேண்டாம். லொறிக் கூலியையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். இந்தச் சகோதரி விற்றவரை அழைத்தபோது, அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகை மணம் எம்மில் பலருக்கு வெறும் மணமல்ல. எரிந்த வீட்டையும் பதுங்குகுழி இரவுகளையும் அது திரும்பக் கொண்டுவரும். அலுமாரி வந்த நாளிலிருந்து அவருக்கும் நித்திரை இருக்கவில்லை. இது பலவீனமல்ல. மணத்தை விட்டு வெளியே வாருங்கள், நம்பிக்கையான ஒருவருடன் கதையுங்கள். மனம் தொடர்ந்து அமைதியடையாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

மரத்தில் படிந்ததை மூன்று கிழமைகளில் துடைத்தோம். ஊர்வாயில் படிந்ததை என்ன செய்வது? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அலுமாரியை முற்றத்தில் வைத்துத் துடைத்த நாட்களில், கேட்டவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு லாச்சியை முகர்ந்து பார்க்கச் சொன்னார். முதலில் கேட்ட அந்த அம்மாவும் முகர்ந்து பார்த்தார். அடுத்த கிழமை பேத்தியின் பாவாடைத் துணியுடன் வந்தார். மகனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நான் கேட்டேன்.

"கேட்டன் மிஸ். அவன் சிரிச்சிட்டு, 'இனி அலுமாரி வாங்கிறதெண்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ அம்மா' எண்டான்."