நெஞ்சுக்குள் பால்

நெஞ்சில் நீர் கோத்த நோயாளியைக் கைகளை மேசையில் ஊன்றி உட்காரவைத்து, முதுகை மரக்கச் செய்து, விலா இடுக்கில் ஊசியை இறக்குவார் மருத்துவர். விலாவின் மேல்விளிம்பை ஒட்டித்தான் இறக்க வேண்டும். அடிவிளிம்பில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. சிரிஞ்சில் பெரும்பாலும் வைக்கோல் நிற நீர் ஏறும். அபூர்வமாகப் பால் ஏறும். நிறத்தில் அசல் பால்தான்.

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் ப்ளூரா ஈரடுக்கு உறை. இடையில் இருக்கும் நீர், ஒரு பக்கத்துக்கு இரண்டு தேக்கரண்டிகூடத் தேறாது. மூச்சுக்கு மூச்சு உரசாமல் வழுக்க அது போதும். ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. ரத்தப் புற்றுநோயில் இந்தக் கணக்கு பிசகும். நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமாவின் செல்கள் உறையிலேயே குடியேறலாம், தொற்று வரலாம், மருந்தே காரணமாகலாம். நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்குத் தரும் டாசடினிப் மாத்திரையால் நெஞ்சில் நீர் கோப்பது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு.

பால் எங்கிருந்து வந்தது? மதியம் சோற்றில் ஊற்றிய நெய்யிலிருந்து! குடல் உறிஞ்சும் கொழுப்பில் பெரும்பகுதி நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. நுண்துளிகளாக நிணநீரில் கலந்து, முதுகெலும்பை ஒட்டிய மெல்லிய குழாய் வழியே நெஞ்சைக் கடந்து, இடது கழுத்தடியில்தான் ரத்தத்தில் சேர்கிறது. நெஞ்சின் நடுவே லிம்போமாவால் நெறி கட்டி அந்தக் குழாயை நெரித்தால், சாப்பாட்டுக் கொழுப்பு ப்ளூராவுக்குள் கசியும். அடிபடாமல், அறுவை சிகிச்சையும் நடக்காமல் பால்நீர் சேர்ந்தால் முதல் சந்தேகம் லிம்போமா மீதுதான்.

சீழோ என்று மிரள்வதும் உண்டு. குழாயிலிட்டு வேகமாகச் சுழற்றினால் சீழ் அடியில் படிந்து மேலே தெளியும், பால்நீர் தெளியாது. டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் ட்ரைகிளிசரைடு இருந்தால் ஏறக்குறைய உறுதி. நோயாளி பட்டினி கிடந்திருந்தாலோ வெள்ளை நிறமே இருக்காது, ஏமாற்றிவிடும்! கசிவு குறைய, எண்ணெய் நெய்யை நிறுத்தி எம்.சி.டி. எனும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய் கொடுப்பார்கள், அதன் குட்டையான கொழுப்பு அமிலங்கள் நிணநீர்ப் பாதையைத் தவிர்த்து நேரே ரத்தத்தில் சேரும். அது தேங்காய் எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுவது. அதற்காகச் சமையலறைத் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடக் கூடாது. அதில் நீளச் சங்கிலிக் கொழுப்பும் இருக்கிறது.

நீரில் லிம்போசைட்டுகள் எனும் வெள்ளணுக்கள் மிகுந்தால் நம் ஊரில் உடனே காசநோய் என்று நினைப்பது வழக்கம். லிம்போமாவும் டாசடினிப்பும்கூட அதே தோற்றத்தைத் தரும். அதனால் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு மாடிப்படியில் புதிதாக மூச்சு வாங்கினால், நெஞ்சில் நீர் கோத்திருக்கலாம்; பலவீனம் என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.