'4கே' என்று போட்டிருந்தால் போதுமா?

கொடும்பாளூர், விராலிமலைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று வீடியோ எடுத்துப் பிழைக்க நினைப்பவர் கடையில் முதலில் கேட்பது, "4கே இருக்கா?" என்பதுதான். பெட்டியில் அச்சிட்ட அந்த எண், படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்பதை மட்டுமே சொல்லும். படம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாது.

கேனான் 200டி மார்க் 2-இல் 4கே உண்டு. ஆனால் அந்த அளவில் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். மண்டபம் முழுக்க அடங்க வேண்டிய காட்சி மணமேடையோடு நின்றுவிடும். வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் டூயல் பிக்சல் வசதியும் 4கேயில் வேலை செய்யாது. விலை குறைந்த 1500டி-யில் ஃபுல் எச்டி வரைதான். வெளி மைக் செருக இடமே இல்லை.

கடையிலேயே சோதியுங்கள்

உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். இரண்டு கேமராக்களை ஒப்பிட்டால் இடம், வெளிச்சம், செட்டிங் மூன்றும் ஒன்றாகவே இருக்கட்டும்.

• டியூப்லைட் வெளிச்சத்தில் எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் படம் மினுக்காது.
• பொடிக்கட்டம் போட்ட சட்டையை எடுங்கள். துணியில் இல்லாத வண்ண அலை படத்தில் ஓடினால் பட்டுச்சேலையிலும் ஓடும்.
• கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்புங்கள். நேரான தூண் சாய்ந்தால் அது ரோலிங் ஷட்டர் கோளாறு.
• இருட்டு மூலையில் ஐஎஸ்ஓ 3200 வைத்துப் புள்ளி எவ்வளவு தெறிக்கிறது என்று பாருங்கள்.
• பல டிஎஸ்எல்ஆர்கள் 29 நிமிடம் 59 நொடியில் பதிவை நிறுத்திவிடும். தாலி கட்டும் நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல இது.

கொடும்பாளூர் மூவர் கோயிலில் ஒத்திகை பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். டிரைபாட், லைட், டிரோனோடு போவதற்கு முன் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஏமாந்தால் என்ன வழி?

"தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று கடைக்காரர் கையை விரிக்கலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஆன்லைனில் வாங்கிய கேமராவில் விளம்பரம் செய்த வசதி இல்லையென்றால், திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இது 2020 மின்வணிக விதி. ஆனால் 4கேயில் படம் குறுகும் என்பதை நிறுவனம் விவரக்குறிப்பிலேயே சொல்லியிருந்தால், அதைக் குறையென்று வாதாடுவது கடினம். ஆகவே விவரக்குறிப்பை வாங்குமுன் படியுங்கள்.

பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இல்லையா? வாங்காதீர்கள், இந்திய வாரண்டி கிடைக்காமல் போகலாம். பழைய கேமரா என்றால் பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கெடு 2 ஆண்டுகள். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், எடிட் செய்யாத மூல வீடியோ ஆகிய மூன்றையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். ஆணையத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அவைதான்.