நாள் தவறாத மாத்திரை

நுழையும்முன்

எப்போது தாயாவது, இரு குழந்தைகளுக்கிடையே எத்தனை ஆண்டு இடைவெளி வேண்டும் என்னும் முடிவுகள் ஒரு பெண்ணின் உடல்நலம், கல்வி, உழைப்பு ஆகிய மூன்றையும் தொடுவன. அம்முடிவுக்குத் துணைபுரியும் மருந்துகளுள் ஒன்று கூட்டுக் கருத்தடை மாத்திரை. அதன் செயல்முறையையும் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் நெறியையும் இராமநாதபுரக் கடற்கரையின் வாழ்வியற் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது.

கடலும் நாள்கணக்கும்

மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் இருபுறம் சூழ அமைந்தது பாம்பன் தீவு. இத்தீவிலும் மண்டபம் முதலிய கரையோர ஊர்களிலும் ஆண்கள் மீன்பிடிக்கக் கடலுக்குச் செல்கின்றனர். பெண்கள் மீன் விற்கின்றனர், கருவாடு உலர்த்துகின்றனர், கடற்பாசி எடுக்கின்றனர். பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி நீரில் மூழ்குவர். பிறையையும் நீரேற்றத்தையும் கணக்கிட்டே கடலில் இறங்குவர். உடலே மூலதனமாகிய இத்தொழிலில், அடுத்தடுத்து நேரும் பேறுகாலம் குருதிச்சோகையையும் வருவாய் இழப்பையும் ஒருசேரக் கொணரும். ஒரு குழந்தை பிறந்தபின் மீண்டும் கருவுறக் குறைந்தது 24 மாதங்கள் காத்திருத்தல் நலம் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது.

உரிமையின் வரலாறு

கருத்தடை பற்றிப் பொதுவெளியில் பேசவே தயங்கிய காலத்தில், ‘குடி அரசு’ இதழ் வாயிலாகத் தந்தை பெரியார் அதனை வெளிப்படையாக ஆதரித்தார். வறுமையைக் குறைக்கவும் தாயின் நலத்தைக் காக்கவும் கருத்தடை வேண்டும் எனப் பிறர் கூறினர். பெரியாரோ பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். இந்திய அரசு 1952 ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கியது. உண்ணும் கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்கா 1960 ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. இந்தியாவில் ‘மாலா-என்’ என்னும் மாத்திரை அரசு நலவாழ்வு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. ‘மாலா-டி’ குறைந்த விலையில் விற்கப்படுகிறது.

மாத்திரை செயற்படும் முறை

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் இருவகை இயக்குநீர்கள் சேர்ந்திருப்பதால் இது கூட்டு மாத்திரை எனப்படுகிறது. ஓர் அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. முதல் 21 மாத்திரைகளில் 0.15 மில்லிகிராம் லெவோனார்ஜெஸ்ட்ரலும் 0.03 மில்லிகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடையாலும் அடங்கியுள்ளன. நிறம் வேறுபட்ட எஞ்சிய 7 மாத்திரைகள் இரும்புச்சத்து மட்டும் கொண்டவை.

இயக்குநீர்கள் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவதைத் தடுக்கின்றன. கருப்பைக் கழுத்திலுள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணு நுழையாமற் செய்கின்றன. உருவான கருவை இம்மாத்திரை கலைப்பதில்லை. நாள் தவறாமல் உட்கொண்டால், 1000 பெண்களுள் ஏறத்தாழ மூவர் மட்டுமே ஓராண்டில் கருவுறக்கூடும். மறதியும் தாமதமும் கலந்த வழக்கமான பயன்பாட்டில் இது 100 பேருக்கு ஏறத்தாழ 7 பேராக உயர்கிறது. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு, பயன்படுத்துவோரின் ஒழுங்கைச் சார்ந்தது.

உட்கொள்ளும் நெறி

மாதவிடாய் தொடங்கிய 5 நாள்களுக்குள் முதல் மாத்திரையை உட்கொள்ள வேண்டும். அதன்பின் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒன்று என்பதே விதி. ஓர் அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். கணவர் கடலிலோ வெளியூரிலோ இருக்கும் நாள்களில் நிறுத்திவிட்டு, அவர் திரும்பும் நாளில் மட்டும் உட்கொள்வது பயன் தராது. முட்டை வெளிப்படுவதைத் தடுக்கும் ஆற்றல் தொடர்ந்து உட்கொள்வதாலேயே கிடைக்கிறது.

ஒரு மாத்திரையை மறந்தால் நினைவுக்கு வந்தவுடன் அதனை உட்கொண்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கம்போல் உட்கொள்ள வேண்டும். இயக்குநீர் மாத்திரைகளுள் இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால், உடனே ஒன்றை உட்கொண்டு தொடர்வதோடு, 7 நாள்களுக்கு ஆணுறை போன்ற மாற்றுப் பாதுகாப்பும் தேவை. அத்தவறு மூன்றாம் வாரத்தில் நேர்ந்தால், இரும்புச்சத்து மாத்திரைகளை விடுத்துப் புதிய அட்டையைத் தொடங்க வேண்டும். மாத்திரை உட்கொண்ட 2 மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் மற்றொன்றை உட்கொள்ளலாம். புயலெச்சரிக்கை விடுக்கப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடுதலாக ஓர் அட்டையைக் கையிருப்பில் வைத்திருப்பது நன்று.

யார் தவிர்க்க வேண்டும்?

இம்மாத்திரை எல்லாருக்கும் ஏற்றதன்று. உயர் குருதி அழுத்தம், இதயநோய், பக்கவாதம், குருதி உறைகட்டி, மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய், பார்வை மாற்றத்துடன் வரும் ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று இருப்பவரும், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவரும் இதனைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பாலூட்டும் பெண்கள் முதல் 6 மாதங்களுக்கு வேறு முறையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். காசநோய்க்குத் தரப்படும் ரிபாம்பிசினும், வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும் மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும். ஆகவே, தொடங்குமுன் குருதி அழுத்தத்தை அளந்து, நோய் வரலாற்றை மருத்துவரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ மறைக்காமல் கூறுதல் இன்றியமையாதது. பிறருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை என்பதற்காக அதனைத் தாமாக வாங்கி உண்ணல் கூடாது.

தொடக்க மாதங்களில் குமட்டல், தலைவலி, இடைக்குருதிக் கசிவு தோன்றலாம். பெரும்பாலும் இவை மூன்று மாதங்களுக்குள் தணியும். குருதி உறைகட்டி மிக அரிது. மாத்திரை உண்ணாத 10,000 பெண்களுள் ஆண்டுக்கு ஏறத்தாழ இருவருக்கும், லெவோனார்ஜெஸ்ட்ரல் கலந்த மாத்திரை உண்பவருள் 5 முதல் 7 பேருக்கும் அது நேர்கிறது. அரிதாயினும் உயிருக்கு ஊறு விளைவிக்கும் என்பதால் அறிகுறிகளை அறிந்திருத்தல் வேண்டும். கெண்டைக்காலில் வீக்கத்துடன் வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்க் கடுந்தலைவலி, பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். 108 ஊர்தியை அழைக்கத் தயங்கலாகாது.

தெரிந்து தெளிவோம்

• பால்வினை நோய்களிலிருந்து இம்மாத்திரை காக்காது; ஆணுறையே அதற்குத் துணை.
• அவசரக் கருத்தடை மாத்திரை வேறு; அது நாள்தோறும் உண்பதற்குரியதன்று.
• லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘சாயா’ இயக்குநீர் கலவாதது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உட்கொள்ளப்படுவது.
• கூட்டு மாத்திரையை நிறுத்தியபின் கருவுறும் திறன் மீளும். அது நிலையான மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை.

அறிவும் தெரிவும்

தமிழ்நாட்டில் குடும்பநல முறைகளுள் பெண்களுக்கான அறுவைச் சிகிச்சையே மிகுதி. மாத்திரையைத் தேர்பவர் மிகச் சிலரே. மேலும் குழந்தை வேண்டுவோர்க்கும், சில ஆண்டு இடைவெளி நாடுவோர்க்கும் அறுவை பொருந்தாது. மாத்திரை, கருத்தடை ஊசி, கருப்பைச் சாதனம், ஆணுறை என விரியும் வழிகளை அறிந்தால்தான் தெரிவு உண்மையான தெரிவாகும். இது பெண்ணுக்கு மட்டும் உரிய சுமையுமன்று. கடலுக்குச் செல்லும் நாளைக் குறித்துவைக்கும் வீட்டு நாள்காட்டியில் மாத்திரையின் நாளையும் கணவர் குறித்துவைக்கலாம்; நலவாழ்வு நிலையத்திற்கு உடன்செல்லலாம். நீரின் போக்கறிந்து கடலில் இறங்கும் பெண், தன் உடலைப் பற்றிய முடிவையும் அதே தெளிவோடு எடுப்பதற்கு அறிவியலும் குடும்பமும் அரசும் துணைநிற்றல் கடமையாகும்.