கனவில் வந்த காதலி

நடுவயதில் வாழ்க்கை சலித்துப்போனால் கனவுக்குள் குடியேறிவிட முடியுமா? 2007-ல் திரையிடப்பட்ட ‘தி குட் நைட்’ என்ற காதல் நகைச்சுவைப் படம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஜேக் பால்ட்ரோ இயக்கிய இப்படத்தின் நாயகன் மார்ட்டின் ஃப்ரீமன். கதைப்படி, ஒருகாலத்தில் பேர்பெற்ற பாப் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர், இப்போது விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுகிறார். வேலை கசக்கிறது, உடன் வாழும் தோழியோடும் ஒட்டவில்லை. கனவில் வரும் பெண்ணே கதியென்று ஆகி, கனவை வசப்படுத்தப் பயிற்சி எடுக்கிறார். அந்தக் கனவுப்பெண் பெனலோப்பி க்ரூஸ். பயிற்சி தருபவர் டேனி டிவிட்டோ.

இந்தப் பயிற்சி வெறும் கற்பனை அல்ல. 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய ஆய்வில், உறங்கிக்கொண்டிருந்த ஒருவர், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்து, தாம் காண்பது கனவென்று தமக்குத் தெரிவதை உணர்த்தினார். கருவி அதைப் பதிவுசெய்தது. அப்படியானால் கனவிலேயே மகிழ்ந்திருப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். கெட்ட கனவுகளால் தவிப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி உதவக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால், கனவுகள் செறிந்த உறக்கம் நம் மொத்த உறக்கத்தில் ஏறக்குறைய கால் பங்குதான். அதைவிடப் பெரிய குறை, கனவில் வருபவர் நம் மனமே படைத்தவர். அவருக்கென்று தனி விருப்பம் கிடையாது. இன்னொருவர் தம் சொந்த விருப்பத்தோடு நம்மைத் தேர்ந்தெடுப்பதில்தான் காதலின் நிறைவு இருக்கிறது. நம் ஏக்கம் எதுவென்று கனவு காட்டலாம். அதைத் தீர்க்கும் பேச்சை விழித்திருக்கும் துணையோடுதான் தொடங்க வேண்டும்.