வெட்டிய படமா, விரிந்த படமா?

ஒரு நாவலைப் படித்து முடித்த பின்னர் அதன் திரைப்படத்தைக் காணச் செல்பவர்கள், பெரும்பாலும் ஒரு குறையோடுதான் வெளியே வருகிறார்கள். "அந்தக் காட்சி எங்கே போயிற்று? அந்தப் பாத்திரத்தை ஏன் விட்டுவிட்டார்கள்?" என்பதே அக்குறை. இதற்கு மருந்தாகத் திரையுலகம் கண்டுபிடித்ததுதான் 'விரிவான பதிப்பு'. திரையரங்கில் ஓடியபோது வெட்டப்பட்ட காட்சிகளை மீண்டும் கோத்து, வீட்டில் இருந்தபடி காண்பதற்கென்று தனியே வெளியிடுகிறார்கள்.

மருந்து வந்ததும் வழக்கும் வந்துவிட்டது. "திரையரங்கில் ஓடியதே படம்" என்கிறது ஒரு கட்சி. "முழுமையாக இருப்பதே படம்" என்கிறது மறு கட்சி. எங்கள் வகுப்பிலேயே இவ்விரு கட்சிகளும் உண்டு. தோழியரே, தீர்ப்புச் சொல்லுமுன் வழக்கின் வரலாற்றைச் சற்று அறிந்து கொள்வோம்.

கத்தரி வந்த காரணம்

முன்னாளில் படம் என்பது கையால் அளக்கக்கூடிய ஒரு பொருளாக இருந்தது. 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடும். ஆகவே மூன்று மணி நேரப் படம் என்றால் 16,200 அடிச் சுருள். மூன்று மணி நேரத்துக்குள் முடியும் படத்தைத் திரையரங்கில் ஒரு நாளைக்கு நான்கு காட்சிகள் ஓட்டலாம். நான்கு மணி நேரமானால் மூன்று காட்சிகளே ஓட்ட முடியும். வருவாயில் கால் பங்கு குறையும். கத்தரி பிறந்தது பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான், கலையினால் மட்டுமன்று.

நம் கடத்தூரைப் போன்ற சிற்றூர்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. படம் முதலில் பெருநகரங்களுக்கும், பிறகு தருமபுரி, அரூர் போன்ற ஊர்களுக்கும் சென்று, கடைசியில்தான் 'சி சென்டர்' எனப்பட்ட சிற்றூர்க் கொட்டகைகளை எட்டும். டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர் இருக்கும். சுருள் மாற்றுவதற்காகவே மூன்று நான்கு இடைவேளைகள் விடுவார்கள். பல ஊர்களைச் சுற்றிவந்த சுருள் ஓடும்போதே அறுந்து போகும். ஆபரேட்டர் அதனை ஒட்டவைப்பார். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில படங்கள் காணாமற் போகும். 24 படங்கள் போனால் ஒரு நொடி போயிற்று. நேரமானால் ஒரு பாடலையே விட்டுவிடுவதும் உண்டு. தரையில் மணலைக் குவித்து அமர்ந்து பார்த்த நம் பாட்டிமார் கண்டது, சென்னையில் முதல் நாள் பார்த்தவர்கள் கண்ட படமே அன்று எனலாம்.

நாடாவும் தட்டும்

1980-களில் வீடியோ கேசட் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்த கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். வழக்கமான கேசட் ஒன்றில் 180 நிமிடங்கள் அடங்கும். பின்னர் வந்த வி.சி.டி. தட்டு ஒன்றில் 74 நிமிடங்களே அடங்கியதால், ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் தேவைப்பட்டன. டி.வி.டி. வந்த பிறகு இடநெருக்கடி பெரிதும் தீர்ந்தது. காட்சிக்கணக்கு பார்க்கும் முதலாளி வீட்டில் இல்லை. கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் கவலையும் இல்லை. எனவே விரிவான பதிப்புக்கு வீடே தகுந்த இடமாயிற்று.

மோதிரக் கதை தந்த பாடம்

இவ்வழக்கில் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவது டோல்கீன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் 'தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்'. 1954-55-இல் மூன்று பாகங்களாக வெளிவந்த அந்நாவலை நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்ஸன் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்களாக வெளியிட்டார். மூன்றும் சேர்ந்து ஒன்பது மணி நேரத்தைச் சற்றே கடந்தன. ஒவ்வொரு படமும் வெளியான மறு ஆண்டில் அதன் விரிவான பதிப்பு டி.வி.டி.யில் வந்தது. அவை மூன்றும் சேர்ந்து பதினொரு மணி நேரத்தையும் தாண்டின.

சேர்ந்தவை எவை? சாருமான் என்னும் தீய மந்திரவாதியின் முடிவு, மூன்றாம் படத்தின் திரையரங்கப் பதிப்பில் இல்லை. விரிவான பதிப்பில் உண்டு. ஃபாரமிர் என்ற வீரனைத் தந்தை ஏன் வெறுத்தார் என்பதை விளக்கும் பழங்காட்சி ஒன்று இரண்டாம் படத்தில் சேர்ந்தது.

நம் கருத்தைக் கவர்வது எயோவின் என்ற இளவரசியின் கதை. ஆண் வேடம் பூண்டு போர்க்களம் புகுந்து, எந்த ஆண்மகனாலும் வெல்ல முடியாதவனை அவள் வீழ்த்துகிறாள். இது இரு பதிப்புகளிலும் உண்டு. ஆனால் காயமுற்ற அவள் நோயாளர் இல்லத்தில் தேறுவதும், அங்கே ஃபாரமிரைச் சந்திப்பதும் விரிவான பதிப்பில் மட்டுமே உண்டு. திரையரங்கில் பார்த்தவர்களோ, இறுதியில் முடிசூட்டு விழாவில் இருவரும் அருகருகே நிற்பதை மட்டும் கண்டு, "இவர்கள் எப்போது பழகினார்கள்?" என்று வியக்க வேண்டியதாயிற்று.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மூன்றாம் படம் பதினொரு ஆஸ்கர் விருதுகளை வென்றது திரையரங்கப் பதிப்பைக் கொண்டுதான். விரிவான பதிப்பிலும் நாவல் முழுவதும் அடங்கிவிடவில்லை. டாம் பாம்பாடில் என்ற பாத்திரத்தை நாடி வந்த வாசகர்கள் இரண்டிலும் ஏமாந்தே போனார்கள்.

நீளமானது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலை டேவிட் லிஞ்ச் 1984-இல் படமாக்கினார். 1988-இல் தொலைக்காட்சிக்கென அதனைப் பிறர் நீட்டித்தபோது, அவர் அப்பதிப்பிலிருந்து தம் பெயரையே எடுத்துவிடச் செய்தார். சேர்ப்பவர் யார் என்பதும் முக்கியமன்றோ?

நம் நாட்டு வழக்கு

இனி நம் தமிழுக்கு வருவோம். ஆனந்த விகடனில் தொடராக வந்த கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968-இல் ஏ.பி. நாகராஜனின் கையால் ஒரே படமாகச் சுருங்கியது. அதனைக் குறை சொன்னவர்களை விடப் புகழ்ந்தவர்களே மிகுதி. நன்றாகச் சுருக்குவதும் ஒரு கலை என்பதற்கு அது சான்று.

ஜெயமோகனின் 'துணைவன்' என்ற சிறுகதையைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த 'விடுதலை' முதல் பாகம், 2023 மார்ச்சில் திரையரங்குகளிலும் ஏப்ரலில் இணையத் திரையிலும் வந்தது. பின்னதில் கூடுதல் காட்சிகள் சேர்ந்திருந்தன. அது வயது வந்தோருக்கான சான்றிதழ் பெற்ற படமாகையால் அதன் கதைக்குள் நாம் செல்லவில்லை. ஆனால் இங்கே மூலம் ஒரு சிறுகதை. ஆகவே நாவலைச் சுருக்கியதால் வந்த வழக்கன்று இது. சிறுகதையை இயக்குநரே விரித்ததால் வந்தது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழக்கோ வேறு வகையானது. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற அக்கதையை, மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு படங்களாகத் தந்தார். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். அத்துணை நேரம் இருந்தும் மணிமேகலைக்கு அதில் இடமில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைப் புதிராகவே விட்ட கல்கி, வந்தியத்தேவனைக் காக்கும்பொருட்டு அப்பழியைத் தன்மேல் ஏற்க முன்வரும் பெண்ணாக மணிமேகலையைப் படைத்தார். அவளது மரணத்தோடுதான் நாவலே முடிகிறது. பூங்குழலி படத்தில் உண்டு. ஆனால் படகோட்டும் அப்பெண் சேந்தன் அமுதனை மணந்து சோழ நாட்டின் அரசியாகும் பகுதி இல்லை. நாவலில் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன். படத்திலோ அவ்வாறு இல்லை.

இயக்குநர் செய்தது தவறென்று நாம் சொல்லவில்லை. நந்தினிக்கும் கரிகாலனுக்கும் இடையிலுள்ள துயரமே படத்தின் உயிர் என்று அவர் தீர்மானித்தார். அத்தீர்மானத்துக்கு மற்றவை தடையாகவும் இருந்திருக்கலாம்.

தீர்ப்பு

இரு கட்சியாரின் வாதங்களையும் கேட்ட பின் நமக்குத் தோன்றுவது இதுவே. "எது நீளம்?" என்று கேட்பதில் பயனில்லை. "நீக்கப்பட்ட காட்சி கதையில் என்ன வேலை செய்து கொண்டிருந்தது?" என்றே கேட்க வேண்டும். ஒருவரது செயலுக்குக் காரணம் காட்டியதா? பின்னால் வரும் முடிவுக்கு வித்திட்டதா? அப்படியானால் அது திரும்பி வருவது நலம். வெறும் அழகுக்காக நின்றதா? அப்படியானால் கத்தரிக்கு நன்றி சொல்லலாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நேரம் போதாதபோது முதலில் யார் வெளியேற்றப்படுகிறார்கள்? போரும் முடிசூட்டும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. நாயகனுக்கு அருகில் நின்று, துன்பத்தைத் தாங்கி, தேறி எழுந்த பெண்ணின் கதை போய்விடுகிறது. எயோவின் நோயிலிருந்து தேறியதும், பூங்குழலி அரசியானதும், மணிமேகலை பழியை ஏற்றதும் அவ்வாறு போனவையே. பெண்கள் பயிலும் பள்ளியில் இருந்துகொண்டு இதனைக் கவனிக்காமல் இருப்பது எப்படி?

எயோவினுக்காவது விரிவான பதிப்பு ஒன்று வாய்த்தது. வெட்டிய சுருளை எறிந்துவிடாமல் ஒருவர் பாதுகாத்து வைத்ததனால்தான் அது வாய்த்தது. மணிமேகலைக்கோ அவ்வாய்ப்பும் இல்லை. அவள் வாழ்வது கல்கியின் ஏடுகளில் மட்டுமே. ஆகையால் தோழியரே, விடுமுறையில் படத்தை எந்தப் பதிப்பில் வேண்டுமானாலும் கண்டு மகிழுங்கள். கண்டபின் நூலகத்துக்குச் சென்று அந்த ஐந்து பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் கத்தரியும் படாத பதிப்பு அதுதான்.